பசியாறும் மேசைக்கும் பாதுகாப்பு வேண்டும்: மலேசியத் தேசியப் பாரம்பரியத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியப் பாரம்பரியத் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், தேசிய ஒற்றுமைத் துறை அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2024 டிசம்பரில் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய் (வீசிச் சுடும் ரொட்டி), தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர்கள் அன்று உலகச் செய்திகளில் இடம்பெற்றன. மாக் யோங், தொண்டாங் சாயாங், சீலாட், பந்துன், சொங்கேட் என அரங்கிலும் ஏட்டிலும் தறியிலும் வாழும் கலைகள் நின்ற வரிசையில், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்களின் உழைப்புக்கும் ஓர் இடம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தை ஆயத்தம் செய்து, அதற்காக வாதாடி வெற்றி பெற்ற உங்கள் துறைக்கு என் மனமார்ந்த நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது வெறும் உணவு வகைகளை அன்று. பல இனச் சமுதாயம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அனுபவம் என்பதுதான் அந்த மரபின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாசி லெமாக்குக்கு இன்று எந்த ஆபத்தும் இல்லை. விமானத்தில் கிடைக்கிறது, நட்சத்திர விடுதியில் கிடைக்கிறது, பேரங்காடியின் உறைபெட்டியில்கூடக் கிடைக்கிறது. ஆபத்தில் இருப்பது அதை ஒரு சீனர் கடையின் பளிங்கு மேசையில் வைத்து, வாசலில் சுடும் தோசையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், எந்த இனம் என்று எண்ணிப் பார்க்காமலேயே பசியாறும் அந்த ஏற்பாடு. உணவைப் பாதுகாப்பதற்கான முயற்சிகள் பல நடக்கின்றன. அந்த ஏற்பாட்டைப் பாதுகாக்க எவரும் பொறுப்பேற்றதாகத் தெரியவில்லை. அப்பொறுப்பை உங்கள் துறை ஏற்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ பழைய கோப்பித்தியாம் (சீனர் நடத்தும் கோப்பிக்கடை) ஒன்றில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து அதன் நடைமுறையைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். கடையை எடுத்து நடத்தும் தவுக்கே, அதாவது முதலாளி, பானங்களையும் ஒன்றிரண்டு எளிய பண்டங்களையும் மட்டுமே தம் கையில் வைத்திருப்பார். துணிப்பையில் வடிக்கும் கோப்பி, தேநீர், மைலோ, அவற்றோடு கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் அவருடையவை. மற்ற உணவெல்லாம் கடையின் வாசலிலும் ஓரங்களிலும் வாடகை கொடுத்து நிற்கும் ஒட்டுக்கடைக்காரர்களுடையது. ஒருவர் கறி மீ வைத்திருப்பார், இன்னொருவர் சீ சியோங் ஃபன் வைத்திருப்பார், தூணோரம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தோசைக்கல் சூடேறிக்கொண்டிருக்கும். மலாய் மாக்சிக் (அம்மா) ஒருவர் விடியலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன நாசி லெமாக் பொட்டலங்கள் மேசைதோறும் கூம்பு கூம்பாக அடுக்கப்பட்டிருக்கும். எத்தனை தீர்ந்தன என்பதை அவர் பின்னர் வந்து தவுக்கேயிடம் கணக்குப் பார்த்துக்கொள்வார்.

நாம் எந்த மேசையிலும் உட்காரலாம், எந்தக் கடையிலும் சொல்லலாம். யார் எங்கே உட்கார்ந்து என்ன கேட்டார் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. தோசை வரும்போது தோசைக்குரிய வெள்ளி (ரிங்கிட்) தோசைக்காரம்மாவின் கைக்கும், கோப்பி வரும்போது கோப்பிக்குரிய காசு தவுக்கேயின் பையனுக்கும் போகிறது. ஒவ்வொரு வியாபாரியின் தட்டும் தனி நிறம், தனி அடையாளம். உண்டு முடித்த தட்டுகள் அந்த நிறத்தைப் பார்த்து அவரவர் தொட்டிக்குப் பிரிந்து போகும். ஒருவர் தட்டு இன்னொருவர் தொட்டிக்குப் போகக்கூடாது என்ற மதக் கட்டுப்பாட்டை மதிக்க அங்கே அறிவிப்புப் பலகை எதுவும் தேவைப்பட்டதில்லை. ஒருவரோடு ஒருவர் தொழில் செய்து, எது யாருக்கு ஆகும், எது ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட மக்கள் தாமாக உருவாக்கிய ஒழுங்கு அது. என் பார்வையில் நமது மரபின் உயிர்நாடி இதுதான். சம்பாலின் காரமோ தேநீரின் நுரையோ அதற்கு அடுத்ததே.

இந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று என்பதை உங்கள் துறை நன்கறியும். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்ற சீனக் குழுவினரைவிடப் பிந்தி வந்ததால், முன்பே பிறர் கையில் இருந்த தொழில்களில் நுழைய வழியின்றி வெள்ளைக்காரர்களின் வீடுகளிலும் முகாம்களிலும் சமையற்காரர்களாக வேலை செய்தார்கள். அங்கே கற்ற கோப்பியையும் ரொட்டியையும் கொண்டு தெருமுனைக் கடைகளைத் திறந்தார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோள்காவடியில் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் காவடியிலிருந்து வந்ததுதான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்கள் பெற்றோர் தலைமுறைக்குப் பசியாறுதல் என்பது ரப்பர் தோட்டத்துப் பால்மரத்தடியில் நடந்தது. இருட்டோடு எழுந்து பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரப்பட்டையைச் சீவி முடித்துவிட்டு, பால் வடிந்து மங்கு நிறையும் வரை கிடைக்கும் அந்த இடைவேளையில் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். முதல் நாள் குழம்போடு ரொட்டியோ தோசையோ இருக்கும், போத்தலில் வறக்கோப்பி இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது பட்டணத்துக்கு வந்து சேர்ந்த பெண்களில் பலருக்குக் கையில் இருந்த ஒரே முதல் அந்தச் சமையல்தான். அவர்களுக்கு வாசலில் ஒரு தூணோரம் இடம் கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு சீனத் தவுக்கே. நல்லெண்ணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தோசை சாப்பிட வருகிறவர் கோப்பியும் குடிப்பார் என்ற வணிகக் கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கு இருந்ததால்தான் அது இத்தனை காலம் நிலைத்தது. எவருடைய தயவிலும் நிற்காமல் ஒருவர் வருமானத்துக்கு மற்றவர் தேவைப்பட்டதால் நின்ற ஒற்றுமை அது. இன்று நாம் நடத்தும் எத்தனையோ ஒற்றுமை விருந்துகளைவிட இது உறுதியானது என்பது என் எண்ணம்.

அந்தத் தூணோர இடம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

1948க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகையைச் சந்தையே நிர்ணயிக்கத் தொடங்கியது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்துப் பழைய தெருக்களிலிருந்து நெடுநாள் குடியிருந்தவர்களும் சிறு கடைக்காரர்களும் வெளியேறத் தொடங்கியது அப்போதுதான். 2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரிய நகரங்களாயின. கட்டடங்களின் முகப்புக்கும் ஓட்டுக்கூரைக்கும் கடை முகப்பின் கூரையிட்ட ஐந்தடி நடைபாதைக்கும் சட்டத்தின் காவல் கிடைத்தது. அந்த ஐந்தடியில் நின்று அப்பம் சுட்டவருக்கு அப்படி ஒரு காவல் கிடைக்கவில்லை. கடைவீட்டின் மதிப்பு கூடக் கூட, காலையில் நாலைந்து வெள்ளிக்குப் பசியாறக் கொடுக்கும் தொழிலால் அதன் வாடகையைத் தாங்க முடியாமல் போகிறது. பழைய ஓடும் பளிங்கு மேசையும் அப்படியே இருக்க, உள்ளே ஒரு பூட்டிக் விடுதியோ விலை கூடிய கஃபேயோ நடக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மூலைக் கோப்பித்தியாம் கைமாறிய கதையும் இதுதான். தவுக்கேக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள், கட்டடத்துக்கு நல்ல விலை வந்தது. விற்றதில் தவறு எதுவும் இல்லை. அவரோடு ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளாமல் நம்பிக்கையின் பேரில் வாசலில் நின்றிருந்த ஒட்டுக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் கலைந்தார்கள். அவர்களுடைய உரிமம் அந்த முகவரிக்கே உரியது. வேறு இடம் கேட்டு உள்ளாட்சியிடம் போனபோது, சந்தைக்குப் பின்புறம் கட்டப்பட்ட அங்காடி வளாகத்தின் மாடியில் காலியிடம் இருப்பதாகச் சொன்னார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர் எவர் மாடியேறிப் பசியாறப் போவார்? தோசைக்காரம்மா இப்போது வீட்டில் சுட்டு, வாட்ஸ்அப்பில் சொல்கிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். வருமானம் மோசமில்லை என்கிறார். சட்னியின் ருசியும் மாறவில்லை. ஆனால் வாசலில் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகிறவர்களில் சீனர் எவரும் இல்லை, மலாய்க்காரர் எவரும் இல்லை. கடைவாசலில் நின்ற காலத்தில் அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தமிழரல்லாதவர்கள்; மூன்று மொழியில் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் இன்று நாள் முழுதும் தமிழில் மட்டும் பேசுகிறார்.

புதிய வீடமைப்புப் பகுதிகளிலும் கோப்பித்தியாம் என்ற பெயரில் கடைகள் உண்டு. குளிர்சாதனம், பழைய பாணி நாற்காலி, சுவரில் மங்கலான புகைப்படங்கள் எல்லாம் இருக்கும். அங்கே நாசி லெமாக்கும் கறி மீயும் ரொட்டியும் ஒரே சமையற்கூடத்திலிருந்து, ஒரே முதலாளியின் கணக்கில் வருகின்றன. அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று; குடும்பத்தோடு நானும் போவதுண்டு. ஆயினும் அங்கே ஒட்டுக்கடைக்கு இடமில்லை. முதலில்லாத ஒரு பெண் தன் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டு வந்து நின்று பிழைக்கும் வழி அங்கே அடைபட்டுவிட்டது. உங்கள் துறை பாரம்பரியக் கடைகளைக் கணக்கெடுக்கும்போது, பெயரைப் பார்த்து அவற்றையும் இவற்றையும் ஒரே வகையில் சேர்த்துவிடக் கூடாது.

எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அதிகாரபூர்வ ஆவணங்கள் தொடத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பன்றி இறைச்சி விற்கும் ஒரு கடை உள்ளே இருந்தால், அந்தக் கோப்பித்தியாமுக்கு மலாய்க்காரர்கள் இன்று பெரும்பாலும் வருவதில்லை. தனிக்கடை, தனித்தட்டு என்ற பழைய ஏற்பாட்டை நம்பி ஒரு கோப்பியாவது குடித்துவிட்டுப் போன தலைமுறை முதுமையடைந்துவிட்டது. இது சமய நம்பிக்கை சார்ந்தது. அதில் எவரையும் வற்புறுத்தக் கூடாது, குறை கூறவும் கூடாது. அதேசமயம் இதற்கு வழியே இல்லை என்று கைவிடவும் வேண்டியதில்லை. கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாருவில் சீனர்கள் நடத்தும் பழைய கோப்பிக் கடைகளில் காலை நேரத்தில் மேசைகளை நிறைத்து உட்கார்ந்திருப்பவர்கள் மலாய்க்காரர்கள்தாம். ரொட்டியும் முட்டையும் தவுக்கேயிடமிருந்து வர, நாசி பொட்டலங்கள் மலாய்ப் பெண்களின் கைகளிலிருந்து வருகின்றன. கிளந்தான் மக்கள் தங்களுக்கு ஏற்ற முறையில் கண்டுகொண்ட வழி அது. அங்கே அது எப்படி நடக்கிறது, யார் யாருக்கு எதில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை உங்கள் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மற்ற மாநிலங்களில் அங்காடி இடம் ஒதுக்குகிறவர்களுக்கு அது பயன்படும்.

2024இல் பாக் குட் தே என்ற பன்றி எலும்பு மூலிகைச் சூப் தேசிய மரபுணவாக அறிவிக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையையும் நினைத்துப் பார்க்கிறேன். கிள்ளான் துறைமுகத் தொழிலாளர்களோடு சேர்த்துப் பேசப்படும் காலை உணவு அது. முஸ்லிம்கள் அதை உண்பதில்லை. மாட்டிறைச்சி ரெண்டாங்கை இந்துக்கள் பலர் தொடுவதில்லை. ஒன்றை மரபு என்று ஏற்பதற்கு அதை எல்லாரும் உண்டாக வேண்டும் என்ற நிபந்தனை தேவையில்லை என்ற நிலைப்பாட்டில் உங்கள் துறை உறுதியாக நிற்க வேண்டும்.

புதிய பட்டணப் பகுதிகளில் எல்லா இனத்தவரும் கூடும் மேசை இன்று பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில்தான் இருக்கிறது. முதல் நாளே பிசைந்து உருட்டி எண்ணெயில் ஊறவைத்த மாவை, கல்மேல் தட்டி, வீசி, காற்றை உள்ளே வாங்கி மடிக்கும் அந்த வேலை கைக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கும். இத்தொழிலுக்கு உள்ளூர் இளைஞர்கள் வருவது குறைவு. அயல்நாட்டுத் தொழிலாளர் பற்றாக்குறை குறித்து பிரெஸ்மா, பிரிமாஸ் ஆகிய உணவக உரிமையாளர் சங்கங்கள் பலமுறை அரசிடம் முறையிட்டிருக்கின்றன. சில கடைகளில் ஆலையில் செய்து உறையவைத்த ரொட்டி கல்லில் விழத் தொடங்கிவிட்டது. பினாங்கு மாநிலமோ 2016 முதல் அங்காடி உணவுகளை அயல்நாட்டவர் தலைமைச் சமையற்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று தடுத்தது. சுவையைக் காக்கும் நோக்கத்தை நான் மதிக்கிறேன். தடையோடு நின்றுவிட்டால் அடுத்த கை எங்கிருந்து வரும்? சொங்கேட் நெசவுக்கும் மரச்செதுக்குக்கும் பயிற்சி கொடுக்கும் நாடு இது. ரொட்டி வீசக் கற்கும் இருபது வயது இளைஞனுக்கும், தோசை மாவின் பதத்தைத் தாயிடமிருந்து கற்கும் மகளுக்கும் பயிற்சிக் காலத்தில் ஓர் உதவித்தொகை கொடுத்து, முடிவில் ஒரு சான்றிதழும் அங்காடி இடமும் கொடுத்தால், இந்த வேலையை அவமானமாக எண்ணாமல் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் கிடைப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேசை குறுகி வருகிறது என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அது விரியும் நாட்களும் உண்டு. புரட்டாசி மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சீனச் சைவக் கடைகளில் திருநீறு அணிந்த நெற்றிகளைக் காணலாம். சோயாவில் செய்த போலிக் கோழியும் வறுத்த மீகூனும் வாங்க, சனிக்கிழமை விரதம் இருக்கும் தமிழர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். ஒன்பது பேரரசர் திருவிழா பெரும்பாலும் அதையொட்டியே வரும். அந்த ஒன்பது நாளும் சைவம் காக்கும் சீனர்கள் வெள்ளை உடையோடு தமிழர் சைவ உணவகங்களுக்கு வந்து வாழையிலையில் உண்பார்கள். சில கடைக்காரர்கள் அந்த நாட்களில் பூண்டும் வெங்காயமும் சேராமல் தனியாக ஒரு குழம்பு வைப்பதைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் வழிபாட்டில் பூண்டு ஆகாது என்பதை யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சொல்லி வைத்ததன் விளைவு அது. நோன்பு மாதத்தில் நாசி லெமாக் மாக்சிக் காலையில் ஓய்ந்திருந்து மாலைச் சந்தையில் கடை விரிப்பார். அவரைத் தேடி நாங்களும் மாலையில் போவோம். எந்தப் பள்ளிப் பாடநூலும் இந்த நுணுக்கங்களைக் கற்றுத் தந்ததில்லை. யுனெஸ்கோவுக்கு அனுப்பும் ஆவணங்களில் இவை இடம்பெற்றால் நாட்டுக்குப் பெருமை.

அடுத்து, பதிவு பற்றி. ஓர் உணவின் செய்முறையைப் பதிவு செய்வது எளிது. செய்கிறவரின் வாழ்க்கையைப் பதிவு செய்வதற்கு அவருடைய மொழி தெரிந்த ஒருவர் அவர் அருகில் பொறுமையாக உட்கார வேண்டும். இடியாப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்து மாயாம் என்ற பெயரில் அதை நாடே அறியும். விடியுமுன் மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, உரலில் இட்டு, பிரம்புத் தட்டுகளில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, அடுக்கடுக்காக ஆவியில் வேகவைத்து, ஆறியதும் தாளில் மடித்து, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் ஏற்றி ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். எங்கள் வீடுகளில் அதைச் சொதியோடும் குழம்போடும் உண்போம். தெருவில் வாங்குகிறவர்களுக்குத் துருவிய தேங்காயும் சிவப்புச் சர்க்கரையும்தான் அதற்குத் துணை. மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் பழக்கமான அந்தச் சுவையை ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்பிலும்) கொண்டு சேர்த்தவர் மோட்டார் சைக்கிள்காரர் என்றால், அதைப் பிழிந்த கைகள் வீட்டில் இருந்த பெண்களுடையவை. அந்தப் பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உரல் அழுத்தி அழுத்தித் தோள் இறங்கிப்போன பாட்டிகள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். தமிழில் கேட்டால் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தொடங்குவார்கள்.

எனவே பதிவுப் பணி அந்தந்த மக்களின் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹைனானியத் தவுக்கேயிடம் ஹைனானிய மொழியிலும், மாக்சிக்கிடம் அவருடைய வட்டார மலாயிலும், எங்கள் பாட்டிகளிடம் தமிழிலும் பேசிப் பதிய வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தன் வட்டாரத்தில் காலை உணவு செய்து விற்கும் ஒருவரைச் சந்தித்து, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வந்தால் போதும். ஆசிரியர்கள் வழிகாட்ட, உங்கள் துறை அவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கலாம். மலாக்காவின் காஜா பெராங்கில் வாழும் செட்டி சமூகத்தார் தமிழ் பேசும் வழக்கத்தை இழந்து பல தலைமுறைகள் ஆகியும் பொங்கலையும் முன்னோர் படையலையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அடுப்பங்கரைக்கும் இந்தப் பதிவில் இடம் வேண்டும். சரவாக்கின் கோலோ மீ, லக்சா, சபாவின் துவாரான் மீ ஆகியவற்றைச் சுற்றி அமையும் காலை மேசைகளைப் பற்றி அங்கு வாழ்கிறவர்கள்தான் எழுத வேண்டும். தீபகற்பத்துக் கண்ணால் அளக்க நான் துணியமாட்டேன்.

சட்டத்தின் நிலையும் எனக்கு விளங்காமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் உங்களுக்குப் புலப்படா மரபுகளை அறிவிக்கவும் பட்டியலிடவும் அதிகாரம் தருகிறது. அங்காடி உரிமமோ 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் நகராட்சிகளின் கையில் இருக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு கோப்பித்தியாம் இடிபடும்போது நீங்கள் தலையிட நினைத்தாலும் கை எட்டாது. அதனால்தான் உங்களையே கேட்கிறேன்: மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்கத் தகுதியுள்ள துறை உங்களுடையது, அதுவும் ஒற்றுமைக்கென்றே அமைந்த ஓர் அமைச்சின் கீழ் இருக்கிறது. பழைய கடைவீட்டு வரிசைக்கு மறுசீரமைப்பு அனுமதி கொடுக்கும்போது, அங்கே நின்றிருந்த ஒட்டுக்கடைக்காரர்களுக்கு அதே தெருவில், தரைத்தளத்தில், காலை நேரத்துக்காவது இடம் ஒதுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க முடியும். ஒரு கடை மூடினால், உரிமம் முகவரியோடு சாகாமல் உரிமம் பெற்றவரோடு அடுத்த இடத்துக்குப் போக வழி செய்ய முடியும். பல இன வியாபாரிகளுக்கு வாசல் கொடுத்து நடத்தும் கட்டட உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுக்கலாம். டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும் என்கிறீர்கள். நியாயம், எங்கள் ஆட்கள் செய்துகொள்கிறார்கள். சுத்தம் கேட்கும் அரசு, சுத்தமாக நின்று விற்க ஓர் இடத்தையும் உறுதி செய்ய வேண்டும்.

2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையில் மலேசியா 2013இல் சேர்ந்தது. மரபைப் பேணும் பணியில் அந்த மரபுக்குரிய மக்களை இயன்றவரை பங்கேற்கச் செய்ய வேண்டும் என்பது அதன் 15ஆம் பிரிவு. பட்டியலில் உள்ள மரபுகளின் நிலை குறித்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நாம் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் உணவுத் திருவிழாக்களின் புகைப்படங்கள் இடம்பெறும் என்பது தெரிந்ததே. அவற்றோடு ஒரு கணக்கும் வேண்டும்: ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் ஒட்டுக்கடை வைத்திருக்கும் கோப்பித்தியாம்கள் நாட்டில் எத்தனை உள்ளன, அடுத்த அறிக்கையின்போது அவற்றில் எத்தனை எஞ்சியிருந்தன, மூடியவை ஏன் மூடின என்ற கணக்கு. அதை இந்த ஆண்டே தொடங்கினால்தான் பின்னர் ஒப்பிட முடியும்.

எங்கள் வட்டாரத்தில் தோசை, இடியாப்பம், நாசி லெமாக் வியாபாரிகள் சிலரிடமும், இன்னும் கடை நடத்தும் தவுக்கேகள் சிலரிடமும் பேசியிருக்கிறேன். தங்கள் வாழ்க்கையைச் சொல்ல அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அதிகாரிகள் வரும் நாளைத் தெரிவித்தால் அழைத்துச் செல்லவும், தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்து உதவவும் நானும் என் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். ஊதியம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று: விடியற்காலை நான்கு மணிக்கு, மாவு பிசையும் நேரத்தில் வர வேண்டும். ஏழு மணிக்கு மேல் வந்தால் அவர்களுக்குப் பேச நேரம் இராது.

பணிவன்புடன்,
பேராக் மாநிலக் குடிமகன் ஒருவன்
ஈப்போ